பிரிக்காத பொட்டலங்கள்

பெரிய கடை ஒன்றின் வாசலில் பில்லையும் பையையும் ஒத்துப் பார்த்து அனுப்புவதுதான் அவள் வேலை. கடையில் எல்லாருக்கும் அவள் 'ஸ்கேனர் அக்கா'. சும்மா வந்த பெயரா? சட்டைக்கு மேல் சட்டை போட்டு நழுவப் பார்த்த ஆசாமியை, பையைத் தொடாமல் முகத்தைப் பார்த்தே பிடித்தவள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு வீட்டிலேயே ஒன்று இடித்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், பரிசுப் பொட்டலங்களைத் தொடக்கூட மாட்டேன் என்கிறாள்.

விடுமுறைக்கு இன்னும் இரண்டே நாள். ஊருக்கெல்லாம் லீவு என்றால் கடைக்குக் கூட்டம். அவளுக்கு ஒரு நாள்கூட ஓய்வு கிடையாது. கூட இருக்க முடியாத குறையைப் பொருளால் அடைக்கப் பார்த்தாள். பொம்மை வீடு, வண்ணப்பெட்டி, சக்கர ஷூ, பேசும் கரடி... வாங்க ஆரம்பித்தால் அந்த மகராசிக்குக் கை நிற்காது. கட்டிலில் கால் நீட்ட இடமில்லை.

"பிரிச்சுப் பாரேன்டி."

"அப்புறம் பாக்கறேம்மா."

எந்தக் குழந்தை அப்படிச் சொல்லும்? பள்ளிப் பையை வேறு கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருக்கிறாள். தொடப்போனால், "அதை எடுக்காதே!" என்று பாய்கிறாள். யார் வீட்டுப் பொருளையாவது எடுத்து வந்துவிட்டாளா? ஊரார் பையைத் துழாவுகிறவள் பெற்றது இப்படியா?

மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஜிப்பை இழுத்தாள். ஒரு புத்தகம்கூட இல்லை. இரண்டு கவுன், உள்ளாடை, பல் தேய்க்கும் பிரஷ். அடியில், சுருட்டி வைத்த அம்மாவின் பழைய நைட்டி.

ஈரத்தலையோடு மகள் கதவருகே வந்து நின்றாள்.

"எங்கடி கிளம்பற?"

"நீதான் சொல்லணும். சித்தி வீட்டுக்கா?"

"யாரு சொன்னா?"

"அன்னிக்கும் இப்படித்தானே கட்டில் நிறைய வாங்கிக் குடுத்த. பிரிச்சு முடிக்கறதுக்குள்ள நீ போயிட்ட."

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடத்துக்கு முன் வெளியூர்க் கிளைக்குப் போட்டபோது, ஆறு மாதம் மகளைத் தங்கை வீட்டில் விட்டிருந்தாள். அழக் கூடாதென்று பொம்மைகளைக் குவித்துவிட்டுச் சொல்லாமல் நழுவினாள். குழந்தைதானே, மறந்திருக்கும் என்று இருந்துவிட்டாள். அட பாவி மனுஷி!

"நான் எங்கயும் போகலடி. சத்தியமா."

"உன் பையைக் காட்டு."

காட்டினாள். சாப்பாட்டு டப்பா, சாவி, சீப்பு, கைக்குட்டை என்று ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பிய மகள், பஸ் டிக்கெட் இருக்கிறதா என்று ஓர ஜிப்பையும் தடவிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். எத்தனையோ பேரை வாசலில் நிறுத்தியவளுக்கு, அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

"சரி" என்று சொல்லிவிட்டு மகள் கரடியை மட்டும் பிரித்தாள். நைட்டியையும் கவுன்களையும் அலமாரியில் வைத்தாள்.

ஆனால் லீவு முடியும்வரை, தினமும் பல் தேய்த்ததும் பிரஷ்ஷைத் துடைத்துப் பள்ளிப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.