புதன் மத்தியானத்து நாற்காலி

உலகத்தில் யாராவது ஒருவர் வேலையை விட்டால்தான் எங்கள் கடையில் மெஷின் ஓடும். யாங்கோன் நகரின் நடுவில், பெயருக்குப் பதிலாக நம்பர் வைத்த தெரு ஒன்றில், விசிட்டிங் கார்டும் ரப்பர் ஸ்டாம்ப்பும் செய்து கொடுக்கிற கடை அது. வேலை மாறுகிறவன் முதலில் புதுச் சட்டை எடுப்பான், அடுத்து எங்களிடம் வருவான். இப்படி ஊரையே வேலை மாற்றி அனுப்பிய நான் மட்டும் இருபத்து மூன்று வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீங்களும் என்னைப் போல ஒரே இடத்தில் வேர்விட்டுப் போனவர் என்றால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். அடிக்கடி வேலை மாறுகிறவர் என்றால், தயவுசெய்து சிரிக்காமல் படியுங்கள்.

நேர்முகத் தேர்வு

வேலை கேட்டுப் போன அன்று முதலாளி சண்முகம் என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என்ன கிழமையில பொறந்தே?" என்றுதான் கேட்டார். இந்த ஊரில் பிறந்த கிழமைதான் ஒருவரின் பாதி ஜாதகம். கிழமைக்கு ஒரு திசை, திசைக்கு ஒரு மிருகம். திசை எட்டு, கிழமை ஏழு என்பதால் புதன்கிழமையை மட்டும் இரண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். காலையில் பிறந்தவனுக்குத் தெற்கு, தந்தமுள்ள யானை. மத்தியானத்துக்கு மேல் பிறந்தவனுக்கு வடமேற்கு, தந்தமில்லாத யானை. எங்கள் முதலாளி முருகனையும் கும்பிடுவார், பர்மிய ஜோசியரையும் விடமாட்டார். கடையின் எட்டுத் திசையிலும் அந்தந்தக் கிழமைக்காரர் உட்கார்ந்திருந்தால் வியாபாரத்தை யாராலும் அசைக்க முடியாது என்று ஜோசியர் சொல்லியிருந்தார். முதலாளி ஞாயிற்றுக்கிழமை என்று வடகிழக்கில், வாசல் காற்று வரும் இடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தார்.

நான் புதன்கிழமை என்றேன். "காலையா, மத்தியானமா? மத்தியானம்தான் காலியா இருக்கு" என்றார். நான் பிறந்தது காலை பத்து மணிக்கு. அம்மா அதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் எனக்கு வேலை வேண்டியிருந்தது. "மத்தியானம்தான் முதலாளி, சாப்பாட்டு நேரம் தாண்டி" என்றேன். உடனே வடமேற்கு மூலையில் நாற்காலி கிடைத்தது. கடையின் கக்கூசும் அதே மூலையில்தான் இருந்தது. யார் உள்ளே போனாலும் நான் எழுந்து நாற்காலியை நகர்த்தி வழிவிட வேண்டும், வெளியே வரும்போது இன்னொரு தடவை எழ வேண்டும். இந்த ஊரில் மரியாதைக்குப் பெண் பெயருக்கு முன்னால் 'மா', ஆண் பெயருக்கு முன்னால் 'கோ' சேர்ப்பார்கள். தென்கிழக்கில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற செவ்வாய்க்கிழமை மா வள்ளி எனக்கு ஆறுதல் சொன்னார்: "ஒரு மாசம் மூக்கு தொந்தரவு பண்ணும், கோ ரத்தினம். அப்புறம் மூக்கு இருக்கறதே மறந்துடும்."

செல்வத்தின் டப்பாக்கள்

செல்வம் என்று ஒரு வாடிக்கையாளர். ஒரே வருடத்தில் நாலு டப்பா கார்டு அடித்தவன். செல்போன் கடையில் விற்பனையாளன், ஓட்டலில் உதவி மேனேஜர், டைல்ஸ் கம்பெனியில் மேனேஜர், தண்ணீர் பாட்டில் கம்பெனியில் டைரக்டர். ஒரு டப்பாவிலும் பத்துக் கார்டுக்கு மேல் செலவாகியிருக்காது. மிச்சத்தை எங்களிடமே விட்டுவிடுவான், பின்பக்கத்தில் சோதனைப் பிரிண்ட் போட்டுக்கொள்ள.

ஒரு தடவை அவன் எதிரிலேயே கார்டுகளைக் கட்டிங் மெஷினில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அவனுக்கு போன் வந்தது. இரண்டு நிமிடம் பேசினான். பிறகு என் கையைப் பிடித்து, "வெட்டாதீங்கண்ணே, நான் இப்ப அந்தக் கம்பெனியில இல்ல" என்றான். புது வேலைக்கு அங்கேயே ஆர்டர் எழுதிக்கொடுத்துவிட்டு, கிளம்புகிற சமயம் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது கேலி இல்லை, நிஜமான கவலை. "எத்தனை தடவை வந்தாலும் இதே நாற்காலியில இருக்கீங்களே, டாக்டர்கிட்ட காட்டினீங்களாண்ணே?"

தந்தமில்லாத யானை

வருடத்துக்கு ஒரு நாள் கடையை மூடிவிட்டு எல்லோரையும் முதலாளி சுவேடகோன் பகோடாவுக்குக் கூட்டிப் போவார். அவரவர் கிழமை மூலையில் நின்று சிலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நான் மனச்சாட்சி உறுத்த உறுத்த தந்தமில்லாத யானைக்கு ஊற்றுவேன். என்னுடைய தந்தமுள்ள யானை தெற்குப் பக்கத்தில் காய்ந்துபோய் நிற்கும்.

ஒரு வருடம் நான் போவதற்குள் என் மூலையில் முதலாளியே நின்றுகொண்டிருந்தார். கோப்பையால் பக்தியோடு மொண்டு மொண்டு யானையின் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்காரருக்கு இங்கே என்ன வேலை என்று நான் யோசித்து முடிப்பதற்குள் திரும்பிப் பார்த்துவிட்டார். கொஞ்சம் திடுக்கிட்ட மாதிரி இருந்தது. பிறகு கோப்பையை என் கையில் திணித்தார். "உனக்கும் சேர்த்து ஊத்தினேன், ரத்தினம்."

எனக்கு ஒரு கார்டு

லட்சக்கணக்கான கார்டு அடித்த எனக்குச் சொந்தமாக ஒரு கார்டு கிடையாது. ஒருநாள் ஓர் அம்மா ஆர்டர் கொடுத்துவிட்டு, "உங்க கார்டு ஒண்ணு கொடுங்க" என்றார். செல்வத்தின் பழைய கார்டு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. அன்று சாயங்காலம் முதலாளியிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "உனக்கெதுக்கு கார்டு? வடமேற்குன்னா நீதானே" என்றார்.

மறுநாள் அந்த அம்மா கடைக்கு போன் செய்தார். மா வள்ளி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். கார்டு எங்கேயோ தொலைந்து போய்விட்டதாம், பெயரும் மறந்துவிட்டதாம். கடையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மா போனில் கேட்டது இதுதான்: "கக்கூஸ் பக்கத்துல ஒருத்தர் இருப்பாரே, அவர் இருக்காரா?"

ஆள் தேவை

இந்த நேரத்தில்தான் செல்வம் வந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் சொந்தமாக பிரஸ் வைத்துவிட்டானாம். "ஒண்ணாம் தேதி வந்து மேனேஜரா உட்காருங்கண்ணே. தனி ரூம். கார்டை இப்பவே அடிச்சுக்கங்க" என்றான். மத்தியானம் கரண்ட் வந்ததும் யாருக்கும் தெரியாமல் நூறு கார்டு அடித்தேன். ரத்தினம், மேனேஜர், கீழே தன்லியின் விலாசம். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போது நாற்பது தடவையாவது எடுத்துப் பார்த்திருப்பேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தாராளமா போ. ஆனா அந்த மூலையில ஒரு புதன் மத்தியானத்தை உட்கார வெச்சிட்டுப் போ" என்றார். கதவில் விளம்பரம் ஒட்டினோம்: புதன் மத்தியானம் பிறந்தவர் தேவை, அனுபவம் தேவையில்லை. ஒரு பையன் சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பிறந்தவன். அவன் எந்த யானை என்று முதலாளியும் ஜோசியரும் மூன்று நாள் சண்டை போட்டார்கள். இன்னொருத்தி வெள்ளிக்கிழமைக்காரி. வேலை கிடைப்பதாக இருந்தால் எந்தக் கிழமைக்கும் வரத் தயார் என்றாள். அவளைத் திருப்பி அனுப்பும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் ஷ்வேப்யிதாவிலிருந்து ஒருவர் வந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அசல் புதன் மத்தியானம், ஆஸ்பத்திரிச் சீட்டே வைத்திருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனோ முதலாளியின் முகம் மட்டும் வெளுத்துப் போயிற்று. வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். அதற்குள் ஏழு பேர் கக்கூஸுக்குப் போய் வந்திருக்கிறார்கள், பதினாலு தடவை அவர் எழுந்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, நான் புதன் மத்தியானம்தான். ஆனா இன்னிலேர்ந்து என்னை வியாழன்னு வெச்சுக்கங்க."

உண்மை விளம்பல்

மாதக் கடைசி. இனி பொறுப்பதில்லை என்று முதலாளி முன்னால் போய் நின்றேன். "நான் புதன் மத்தியானம் இல்ல முதலாளி. புதன் காலை. அன்னிக்குப் பொய் சொன்னேன். இருபத்து மூணு வருசமா அந்த மூலை காலியாத்தான் இருந்திருக்கு, கடைக்கு ஒண்ணும் ஆகலையே. என்னை விட்டுடுங்க" என்றேன்.

அவர் வாயிலிருந்த வெற்றிலையை நிதானமாகத் துப்பிவிட்டு வந்தார். "தெரியும். நீ சேர்ந்த மறுநாளே உங்கம்மா சோத்துக் கேரியரைக் கொண்டுவந்து கொடுத்தப்ப சொல்லிட்டுப் போச்சு" என்றார். அப்படியானால் ஏன் என்னை அங்கேயே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "அசல் புதன் மத்தியானம் நான்தான். ஒரு முதலாளி கக்கூஸ் பக்கத்துல உட்கார முடியுமா?"

ஒண்ணாம் தேதி

எனக்கு வந்த கோபத்தில் மறுநாள் விடிந்ததும் தன்லியின் பஸ் ஏறினேன். பாலத்தைத் தாண்டி, விலாசத்தைக் கண்டுபிடித்துப் போனால், செல்வத்தின் பிரஸ் பூட்டியிருந்தது. போன் செய்தேன். "அய்யோ, சொல்ல மறந்துட்டேண்ணே. முந்தாநேத்து மெஷினை வித்துட்டேன். இப்ப கியாக்தான்ல மீன் பண்ணை. வாங்க, அங்கயும் மேனேஜர் வேணும்" என்றான். எனக்கு மீனைத் தட்டில் பார்த்துத்தான் பழக்கம். அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் பழக்கதோஷத்தில் கடைக்குப் போய்விட்டது.

வடமேற்கு மூலையில், என் நாற்காலியில், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு முதலாளி உட்கார்ந்திருந்தார். ஒரு பொய்ப் புதன்கூட இல்லாமல் மூலையைக் காலியாக விட்டால் கடை படுத்துவிடும் என்று நிஜமாகவே பயந்திருக்கிறார். மா வள்ளி கக்கூஸுக்குப் போக, அவர் எழுந்து நாற்காலியை நகர்த்தினார். மா வள்ளி வெளியே வர, அவர் இன்னொரு தடவை எழுந்தார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு மனம் நிறைந்துவிட்டது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. பையிலிருந்து மேனேஜர் கார்டு டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

ஒரு கார்டை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மின்விசிறிக்குக் கீழே காலியாக இருந்த வடகிழக்கு நாற்காலியைக் கையால் காட்டினார். "போய் உட்காரு, இனிமே நீ ஞாயிறு. 'மேனேஜர்' அப்படியே இருக்கட்டும், தன்லியின் விலாசத்து மேல மட்டும் நம்ம கடை ஸ்டாம்ப்பைக் குத்திடு."

ஆகவே, வேலையை மாற்ற முடியாமல் தவிக்கும் என் சக நாற்காலிக்காரர்களே, பிறந்த கிழமையை மாற்றிப் பாருங்கள், காற்று நன்றாக வருகிறது.