சீனி கார்டு மானம்

எங்கள் தெருவில் சீனி கார்டு வைத்திருந்தது இரண்டே வீடு. ஒன்று அண்ணன் வீடு, இன்னொன்று என் வீடு. ரேஷன் அரிசி வேண்டாம், சீனி போதும் என்று நாங்களே எழுதிக் கொடுத்து வாங்கிய கார்டு. தாயில்பட்டிப் பக்கம் நாலு ஏக்கர் கரிசல் இருந்தால் அப்போதெல்லாம் அப்படித்தான். ஊருக்குக் கம்பு அளந்த குடும்பம், அரிசிக்குப் பையை நீட்டுமா?

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, வேனேறி சிவகாசிக்குக் காலண்டருக்குத் தகரம் அடிக்கப் போனேன். சீசன் முடிந்தால் வேலை கிடையாது. விதவைப் பென்ஷனுக்கு மனு எழுதி அண்ணனிடம் காட்டினேன். தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கும்போது கவர்மெண்டுகிட்டக் கையேந்துவியாக்கும்? கிழிச்சுப் போடு தாயி!"

கிழித்தேன். எனக்குத்தான் எத்தனை பெருமை! வேலையில்லாத மாதங்களில் ஒருவேளைச் சோற்றோடு படுத்தேன். அண்ணனிடம் நான் கேட்கவில்லை, சாப்பிட்டியா என்று அவரும் கேட்கவில்லை. பெண்களுக்கு அரசாங்கம் தரும் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு முகாம் போட்டபோதும், நமக்கெதுக்கு அது என்று தடுத்தார்.

போன மாசியில் சீனி வாங்கப் போனேன்.

"உங்க மதினிய வந்து ரேகை வைக்கச் சொல்லுங்க. இந்த மாசம் அரிசி வாங்காமக் கெடக்கு" என்றார் ரேஷன் கடைக்காரர்.

"அவுகளுக்கு ஏது அரிசி? சீனி கார்டுல்ல?"

"நல்லாருக்கே! அரிசி கார்டா மாத்தி அஞ்சு வருசமாச்சு. ஆயிரம் ரூவாயும் வாங்குதாகளே. ஒங்களுக்குத் தெரியாதா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னைத் தவிர ஊருக்கே தெரிந்திருக்கிறது. நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"அது கோழிக்குப் போடுறதுக்கு" என்றார் மதினி. அந்த வீட்டில் ஒரு கோழிக்குஞ்சுகூடக் கிடையாது.

அண்ணன் சாவகாசமாகச் சொன்னார். "ரெண்டு வீடும் போய் நின்னா ஊரு என்ன பேசும்? ஒரு கார்டாவது பழையபடி இருக்கட்டும்னுதான்."

பாவி மனுசா! குடும்ப மானத்தைக் காக்க என் வயிறுதான் கிடைத்ததா? கேட்டேவிட்டேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாளே இ-சேவை மையத்துக்குப் போனேன். பென்ஷன் மனுவைத் தட்டிக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து, "ஒங்களுக்கு ஆதரவுன்னு யாரும் இருக்காகளாம்மா?" என்றது.

பழக்கதோஷம், அண்ணன் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"யாருமில்ல தாயி" என்றேன். அது பொய்யில்லையே என்றுதான் அழுகை வந்தது.