தெற்கே சூலம், ஆகவே மதுரை: சங்கரன்கோவிலில் இருந்து ஒரு கண் ஆஸ்பத்திரிப் பயணம்

சங்கரன்கோவிலுக்கு எப்படிப் போவது, எத்தனை மணிக்கு ரயில், எங்கே சாப்பிடலாம் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். போன ஐப்பசியில் நானும் போய்வந்தேன். ஆனால் கோபுரத்தை ஆட்டோவில் இருந்து பார்த்ததோடு சரி. புகழ்பெற்ற மட்டன் பிரியாணியின் வாசனைகூட மூக்கில் ஏறவில்லை. நான் போன காரியம் வேறு. அத்தானின் வலது கண்ணைக் காப்பாற்றப் போனேன். வழியில் எனக்கு ஏறிய ரத்த அழுத்தத்துக்கு யார் பொறுப்பு என்று இன்னும் தெரியவில்லை.

அத்தான் என்றால் என் அக்கா கோமதியின் கணவர். பெயர் நாராயணன். சங்கரன்கோவிலில் பைப், மோட்டார் கடை வைத்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை அவருக்கு நெற்றியில் வலது பக்கம் கொப்புளம் கிளம்பியிருக்கிறது. எனக்குத் தகவல் வந்தது செவ்வாய் ராத்திரி, வாட்ஸ்அப்பில், ஒரு போட்டோவாக. நெற்றியில் இருந்து இமை வரை சிவந்து, கண் வீங்கி மூடியிருந்தது. கீழே "அக்கி" என்று ஒரே வார்த்தை, பக்கத்தில் கை கூப்பும் படம். என் அலுவலகத்தில் ஒரு பெண்ணுக்கு இதே போல நெற்றியில் அக்கி வந்து கண்ணுக்கு இறங்கி, அவள் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவள் நான். உடனே போன் போட்டு, இப்போதே கண் டாக்டரிடம் போங்கள் என்றேன்.

"எழுதிக்கிட்டுல்லா இருக்கோம். மூணு தடவ எழுதணும், ரெண்டு முடிஞ்சிட்டு. வியாழக்கெழம மூணாவது. நீ வா, பேசிக்கிடலாம்" என்றார் அத்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் காவிமண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின் மேலும் சுற்றியும் கோடு போட்டு எழுதுவார். எழுதி முடிகிற வரை குளிக்கக் கூடாது, எண்ணெய், கறி ஆகாது. முதுகிலோ இடுப்பிலோ வந்தால் எழுதிவிட்டுப் போங்கள், எனக்கொன்றும் இல்லை. மேலுக்குக் குளிர்ச்சியாகவும் இருக்குமாம். ஆனால் கண் என்பது எழுதிப் பார்க்கிற இடமா?

புதன் இரவு சென்னையில் செங்கோட்டை ரயில். ஸ்லீப்பர் நானூறு ரூபாய்க்குள்தான், ஆனால் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. எனக்குப் புதன் காலையில் தட்காலில் மிச்சமிருந்த ஒரு இடம் கிடைத்தது. வியாழன் காலை ஏழு மணிக்கு முன்பே சங்கரன்கோவிலில் இறங்கிவிட்டேன். ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்கு ஆட்டோ நூறு ரூபாய். வண்டி கிளம்பி இரண்டு நிமிஷத்துக்குள் யார் வீட்டுக்கு, என்ன விஷயம் என்று ஆட்டோக்காரர் கேட்டு வாங்கிவிட்டார்.

"அக்கியாக்கா? அதுக்கு ஊசி மட்டும் போட்டுராதிய. உள்ள அமுங்கிரும். எங்க பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு."

"பெரியப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"அவரு இருக்காரு. ஆனா ஊசி போட்டதுல இருந்து காது கேக்கல."



என் திட்டம் எளிமையானது. திருநெல்வேலி ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரப் பயணம். எட்டு மணிக்குக் கிளம்பினால் பத்துக்குள் கண் ஆஸ்பத்திரியில் இருக்கலாம். வீட்டுக்குள் நுழைந்தபோதே திட்டம் காலி. வாசலில் எட்டு ஜோடி செருப்பு கிடந்தது. ஆள் சீக்காகப் படுத்தால் பார்க்க வருவது இந்த ஊர்ப் பழக்கம். வராவிட்டால் மனத்தாங்கல், வருஷக்கணக்கில் பேச்சு இருக்காது. வருகிறவர்கள் ஆப்பிளும் பிரெட்டும் கொண்டு வருவார்கள். கூடவே ஆளுக்கொரு அபிப்பிராயமும் கொண்டு வருவார்கள். அது இலவசம்.

அத்தான் கட்டிலில் சாய்ந்து, பாதி முகம் காவியாக, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெரு அரிசிக்கடை அண்ணாச்சி வேப்பிலை போதும் என்றார். கோயிலில் இருந்து புற்றுமண் கொண்டு வந்திருந்த ஒரு அம்மாள், அதைத் தண்ணீரில் குழைத்து இமையில் பூசச் சொன்னார். வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சட்டப் பிரிவைக் கவனித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில மொதல்ல ஒரு தாள்ல கையெழுத்து வாங்குவான். போட்டுட்டியளோ, பெறகு கண்ணு போனாலும் கேஸ் நிக்காது." கண் போகாமல் இருக்க என்ன வழி என்று நான் கேட்டதற்கு, அது டாக்டர் சமாசாரம் என்றார்.

அக்கா எல்லாருக்கும் காபி போட்டுக்கொண்டே இருந்தாள். நான்கு பேர் எழுந்தால் ஐந்து பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் போகும்போது, "பயப்படாதிய, சரியாயிரும்" என்றார்கள். அத்தான் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். எனக்கு அந்த "சரியாயிரும்" காதில் விழும்போதெல்லாம் பல்லைக் கடிக்கத் தோன்றியது. எப்படிச் சரியாகும்? யார் சரி செய்வது? இதே ஜனங்கள் ஒரு மோட்டார் புகைந்தால் சரியாகிவிடும் என்று விடுவார்களா? அத்தான் கடைக்கு அல்லவா தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்?

ஒன்பதரைக்கு நான் வாய்விட்டுச் சொன்னேன். "அத்தான், கிளம்புங்க. திருநெல்வேலி போறோம்."

அரிசிக்கடை அண்ணாச்சி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னைக்கு வியாழக்கெழமல்லா? தெக்க சூலம். சீக்காளியக் கூட்டிக்கிட்டு யாராவது தெக்க போவாவளா?"

"அதான பாத்தேன்" என்று அத்தான் தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நாளைக்குப் போவோம் ஜெயா."

பத்து நிமிஷம் சண்டை போட்டேன். கண்ணுக்குக் கிழமை தெரியுமா என்றேன். தைலம் தொட்டு வைத்துக்கொண்டு கிளம்பினால் தோஷம் இல்லை என்று பஞ்சாங்கமே சொல்கிறது என்றேன். அதற்கு, அக்கிக்கு எண்ணெய் ஆகாது என்றார்கள். மடக்கிவிட்டார்களாம். எல்லாரும் எல்லாருக்கும் தலையாட்டினார்கள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. இவர்களோடு பேசி ஜெயிக்க முடியாது, விட்டுக்கொடுத்துத்தான் ஜெயிக்க வேண்டும்.

"சரி, தெற்கே வேண்டாம். வடக்கே போவோம். மதுரை."

அண்ணாச்சி யோசித்தார். வடக்கே இன்று தடை எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அத்தான் தலையணையில் இருந்து எழுந்து உட்கார வேண்டியதாயிற்று. அவர் முகத்தில் அப்போது வந்த பயத்தை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரி என்றால் ஆண்களுக்கு வரும் வழக்கமான பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆக, ஐம்பத்தெட்டு கிலோமீட்டரில் முடிய வேண்டிய வேலைக்கு நூற்றுப்பதினெட்டு கிலோமீட்டர். வாடகைக் கார், போக வர நாலாயிரம் ரூபாய். டிரைவர் பேச்சிமுத்து பொறுமைசாலி, ஆனால் அவருக்கும் சட்டத்தில் சொந்த அபிப்பிராயம் இருந்தது. சீட் பெல்ட்டைப் பூட்டாமல், போலீஸ் கண்ணில் படும் இடங்களில் மட்டும் கையால் இழுத்து நெஞ்சோடு பிடித்துக்கொள்வார். ஏன் என்று கேட்டேன். "பூட்டுனா வயித்தப் பிடிக்கும்க்கா" என்றார். உயிர் போனால் எங்கே பிடிக்கும் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பத்து கிலோமீட்டர் தாண்டிக் கரிவலம்வந்தநல்லூர் வந்ததும் அத்தான் நிறுத்தச் சொன்னார். எழுதுகிறவர் வீடு அந்த ஊரில்தான். "மூணாவது எழுத்து. அஞ்சு நிமிசம்" என்றார். அக்கா என்னை முந்திக்கொண்டு இறங்கிவிட்டாள். ஐந்து நிமிஷம் முக்கால் மணி நேரம் ஆனது. அத்தான் புதுக் காவியோடு, இமை வரை சிவப்பாக வந்து ஏறினார். நான் கார் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டேன். பேசினால் அழுதிருப்பேன், இல்லாவிட்டால் கத்தியிருப்பேன்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் என்று மழைத் தூறலோடு போய் மதுரை சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். அங்கே பெஞ்சில் பக்கத்தில் இருந்தவரும், அக்கிக்கு ஊசி ஆகாதே என்று ஆரம்பித்தார். நான் அத்தானை அடுத்த பெஞ்சுக்கு மாற்றினேன்.

முதலில் பார்வைச் சோதனை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் காவியைப் பஞ்சால் மெல்லத் துடைத்தாள். வீங்கின கண்ணைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி, வலது கண்ணை மறைத்து, இடது கண்ணால் எதிரே இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். அத்தான் கடைசி வரி வரை படித்தார். பிறகு இடது கண்ணை மறைத்தாள். வலது இமையை அவரே விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இப்போதும் கடகடவென்று, ஒரு எழுத்துத் தப்பாமல் படித்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. இவ்வளவு கத்தியதற்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அந்தப் பெண் எழுந்து போய் எழுத்துப் பலகையை மாற்றினாள். "இப்ப படிங்கய்யா" என்றாள்.

அத்தான் இமையை இன்னும் மேலே தூக்கிப் பிடித்தார். பிறகு, "லைட்டப் போடும்மா" என்றார்.

"லைட் எரியுதுங்கய்யா" என்றாள் அவள்.

கடையில் ஆயிரம் உதிரிப் பாகங்களின் விலையை மனதில் வைத்திருப்பவர் அவர். இடது கண்ணால் படித்த வரிகளை மனப்பாடம் செய்ய அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவள் கை விரல்களை முகத்தருகே கொண்டு வந்து எத்தனை என்று கேட்டாள். ஏதோ அசைவது தெரிகிறது, எண்ணிக்கை தெரியவில்லை என்றார். அக்கா பிடித்திருந்த என் கை வலித்தது.

"எப்பத்துல இருந்து தெரியல?" என்று அக்கா கேட்டாள்.

"செவ்வாக்கெழமையே தெரியல கோமதி. வாரவுக எல்லாம் சரியாயிரும், சரியாயிரும்னு சொல்லுதாவ. அதக் கேட்டுக்கிட்டுக் கெடக்க நல்லா இருந்துது. இங்க வந்தா இல்லன்னு சொல்லிருவாவன்னு பயம்."

டாக்டர் திட்டவில்லை. கருவிழி வரை இறங்கிவிட்டது, கொப்புளம் கண்ட மூன்று நாளைக்குள் மாத்திரை ஆரம்பித்திருந்தால் நல்லது, இப்போதும் பார்ப்போம் என்றார். எவ்வளவு பார்வை திரும்பும் என்று இன்று சொல்ல முடியாது என்றார். மாத்திரை, சொட்டு மருந்து, வாரா வாரம் வர வேண்டும். திரும்பி வரும்போது பேச்சிமுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்தி, கேட்காமலே அத்தானுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

சரி, கேட்டவர்களுக்காக. சென்னையில் இருந்து ரயில்தான் வசதி, டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். தென்காசிக்குப் புளியங்குடி வழியாக அடிக்கடி பஸ் இருக்கிறது. யாராவது சீக்காக இருந்து பார்க்கப் போனால், ஆப்பிளைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். முடிந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: என்ன செய்கிறது, கண் தெரிகிறதா, மூச்சு விட முடிகிறதா? ஐந்து நாளில் வந்துபோன அத்தனை பேரும் அவருக்கு யோசனை சொன்னார்கள். நானும் போனிலும் நேரிலும் சொன்னேன், கத்தினேன். தெரிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பொய்தான் சொல்லியிருப்பார், அது வேறு விஷயம். பொய் சொல்லும்போது முகம் காட்டிக்கொடுத்திருக்கும்.

நேற்று அக்கா பேசினாள். அத்தான் தினமும் காலையில் எழுந்ததும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அவளை ஜன்னலோரம் நிறுத்திப் பார்க்கிறாராம். போன வாரம் வரை ஆள் நிற்பது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. நேற்று மூக்குத்தி மினுங்கியது தெரிந்ததாம். முகம் இன்னும் வரவில்லை.