நேராகிப்போன வாய்

வண்டி நிறுத்தத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற டிரைவர்மாரே, இது சத்தியமாக நடந்தது. சத்தியத்தில் கால்வாசி என் கைச்சரக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிணவறையில் உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றுகிறவருக்கு நாம் வைத்த பெயர் மேக்கப். அவர் கை பட்டால் நாலு நாள் கிடந்த ஆளும் பெண் பார்க்கக் கிளம்பியவர் மாதிரி ஆகிவிடுவார். ஒருமுறை பல்பு மாட்ட வந்த எலக்ட்ரீசியன், மேஜையில் கிடந்த பிணத்திடம் "அண்ணே, சுவிட்ச் எங்க?" என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிஷம் பதிலுக்கு நின்றான்.

அந்த மேஜைக்கு ஒருநாள் மேக்கப்பின் சொந்த அண்ணனே வந்துவிட்டார். அண்ணன் மகள் கடல் தாண்டி இருக்கிறாள்; வந்து சேர மூன்று நாள். போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சித்தப்பா, அப்பா முகத்த மட்டும் அப்படியே வச்சிருங்க."

"அப்படியே இருப்பாரும்மா."

வேறு ஆளிடம் விட அவருக்கு மனசில்லை. வாயை உள்பக்கமாகத் தைத்து மூடினார். கழுத்து ரத்தக்குழாய் வழியே மருந்தை ஏற்றினார். கண்ணீர் கண்ணை மறைத்தது; கை மட்டும் இருபது வருஷப் பழக்கத்தில் தானாக ஓடியது.

மறுநாள் அண்ணி வந்து பார்த்தார்.

"தம்பி, இது யாரு?"

அண்ணனுக்கு வாய் இடப்பக்கம் கோணல். சின்ன வயதில் இதே தம்பி எறிந்த கல் தந்த கோணல். கோணலைக் கண்டால் மேக்கப்பின் கை சும்மா இருக்காது. நேராக்கிவிட்டது.

"மறுபடி கோணலாக்குங்க."

"முடியாது அண்ணி. மருந்து ஏறி இறுகிப்போச்சு. இழுத்தா கிழிஞ்சிரும்."

"ஊரார் பொணத்தையெல்லாம் ராஜாவாக்குனீங்க. உங்க அண்ணன யாரோ ஆக்கிட்டீங்களே."

அண்ணி போனபின் வெந்நீரில் துணி நனைத்து ஒற்றினார். கட்டைவிரலால் அழுத்தினார். அந்த வாய் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி கிடந்தது. உயிரோடு இருந்தவரை அண்ணன் ஒருநாளும் தம்பி பேச்சை மீறியதில்லை.

மூன்றாம் நாள் மகள் வந்தாள். முகத்தைப் பார்த்தாள். கால் கட்டைவிரலில் கட்டியிருந்த சீட்டைப் படித்தாள். பிறகு பக்கத்து மேஜையைப் பார்த்தாள்.

"சித்தப்பா, அப்பா எங்க?"

மேக்கப் கையை நீட்டிக் காட்டினார்.

"பாவம்யா, பழக்க தோஷம்" என்றார் கதை கேட்டுக்கொண்டிருந்த வேன் டிரைவர்.

"பழக்கமாவது? கல்லெறிஞ்ச தடயத்த அழிச்சிருக்கான்யா" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

"இன்னொரு தடவ சொன்னே, உன் வாயக் கிழிச்சிருவேன்."

"கிழி. அவருதான் நேரா தச்சுக் குடுப்பாரே."

அதற்குள் இருவரும் கட்டிப்புரண்டு பெஞ்சு கவிழ்ந்துவிட்டது.