அரை கிளாஸ் தண்ணீர்

செம்பரம்பாக்கம் ஏரி அடிமண் தெரியக் காய்ந்து, நடு ஏரியில் மாடு மேய்ந்ததே, அந்தக் கோடையில்தான் எனக்கு ஓட்டல் வேலைக்குப் பயிற்சி நடந்தது. வருஷம் சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போனதில்லை, நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். ஏரிக்குள் இறங்கி நின்று பார்த்தால் கரை எவ்வளவு உயரம் என்று அந்த வருஷம்தான் தெரிந்தது. கால் வைத்தால் மண் ஓடு மாதிரி உடையும். சரி, ஏரியை விடுகிறேன்.

அதற்கு முன்னால் எனக்கு ஏரிப் பாசன நிலத்தில் கூலி வேலை. நிலக்காரர் நிலத்தை விற்றுவிட்டார். வாங்கினவர் பெங்களூர் ரோட்டை ஒட்டி ஓட்டல் கட்டினார். காஞ்சிபுரம் கோயில் பார்க்கப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்க வேண்டும் என்று எண்ணம். அக்கம்பக்கத்து ஆட்களுக்குத்தான் வேலை, தண்ணீர் வீணாகக் கூடாது, காய்கறி இந்த ஊர்களிலிருந்தே வர வேண்டும் என்று அவருக்குச் சில பிடிவாதங்கள். எங்களுக்குக் கற்றுக்கொடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு மேடம் வந்தார். கடைசி நாள் பரீட்சை. தேறினால் வேலை. தேறாவிட்டால் எனக்கும் என் மனைவிக்கும் செங்கல் சூளைதான். சூளைக்குப் போன குடும்பங்கள் எப்படித் திரும்பி வந்தன என்று பார்த்திருக்கிறேன். அதனால் அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை.

முதலில் ஷூ போட்டு நடக்கப் பழக்கினார்கள். நாற்றங்காலில் நடக்கிற மாதிரியே காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். பிறகு தண்ணீர் ஊற்றுவது.

"யாரு வந்தாலும் முதல்ல அரை கிளாஸ்தான் ஊத்தணும். கேட்டா மறுபடியும் அரை. மிச்சம் வெச்சா செடிக்கு ஊத்தணும். கெஸ்ட்டு எல்லாருமே சார், இல்லன்னா மேடம்" என்றார் கற்றுக்கொடுக்க வந்த மேடம்.

என்னோடு பயிற்சிக்கு வந்தவன் பூந்தமல்லியில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த ஒருத்தன். அவன் என் காதில், "இன்னா மாமே, தண்ணி ஊத்துறதுக்கு ட்ரெயினிங்கா? லாரி தண்ணிக்குக் குடத்தத் தூக்கினு நிக்குது பாரு எங்க ஊட்டுப் பொம்பள, அத்த இட்டாந்தா மேடத்துக்கே சொல்லிக் குடுக்கும்" என்றான்.

நான் சிரித்தேன். ஆனால் கை மட்டும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் யார் வந்தாலும் சொம்பு தளும்பத்தான் கொடுப்போம். குறைத்துக் கொடுத்தால் எழுந்து போ என்று சொன்ன மாதிரி. ஜக்கைச் சாய்த்தால் கிளாஸ் நிறைந்த பிறகுதான் கை நிமிரும். மேடம் ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்துக்கொள்வார்.

பரீட்சைக்கு முந்தின நாள் சேதி சொன்னார்கள். ஓட்டல் இன்னும் திறக்கவில்லை, விருந்தாளி இல்லை. அதனால் சுற்று வட்டாரத்துப் பெரிய மனிதர்களைச் சாப்பிட அழைத்திருக்கிறார்கள். யாருக்கு எந்த மேஜை என்று பிரித்தார்கள். என் மேஜைக்கு வரப்போவது நிலத்தை விற்ற அதே நிலக்காரர்.

அவர் வீட்டுப் பின்பக்கம் நின்றுதான் நான் தண்ணீர் குடித்திருக்கிறேன். குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்துவேன். அந்த வீட்டு ஆள் மேலேயிருந்து ஊற்றுவார். தாகம் அடங்குமுன் நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவார். இன்னொரு வாய் கேட்க எதிரில் ஆள் இருக்காது. இப்போது அவர் உட்காருவார், நான் ஊற்ற வேண்டும். என் கையால் குடிப்பாரா? அரை கிளாஸ் ஊற்றினால் பழி தீர்க்கிறேன் என்று நினைப்பாரே. நிறைய ஊற்றினால் பரீட்சை போய்விடும்.

காலையில் கிளம்பும்போது மனைவி, "பயத்துல ஆண்டேன்னு கூப்ட்ற போற. சாருன்னு சொல்லு" என்றாள். சட்டைப் பொத்தான் போடத் தெரியாதவன் மாதிரி நின்றேன். அவள்தான் போட்டுவிட்டாள்.

அவர் வந்து உட்கார்ந்தார். மேடம் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜக்கைச் சாய்த்தேன். பாதியில் கையை இடது கையால் பிடித்து நிறுத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாடா, அவ்ளோதானா?"

சார் என்பதும் வரவில்லை, ஆண்டே என்பதும் வரவில்லை. "குடிச்சிட்டுக் கேளுங்க. இங்கயேதான் நிக்கறேன்" என்றேன்.

அவர் கிளாஸைத் தொடவில்லை. சாம்பார் வந்தது, காரக் குழம்பு வந்தது. கிளாஸ் அப்படியே இருந்தது. மிச்சம் வைத்தால் என் கணக்கில் குறையா என்று மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சூளைப் புகை கண்ணுக்கு முன்னால் வந்தது. நின்ற இடத்தை விட்டு நான் நகரவில்லை.

காரக் குழம்பில் இரண்டாவது வாய் வைத்தபோது அவருக்கு விக்கல் பிடித்தது. விடாத விக்கல். அடுத்த மேஜையிலிருந்து பஞ்சர்காரன், "யாரோ நெனச்சிக்கிறாங்கோ சார்" என்றான். நினைத்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

அவர் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கிளாஸை என் பக்கம் நீட்டினார். அரை ஊற்றினேன். குடித்தார், மறுபடியும் நீட்டினார். மறுபடியும் அரை. விக்கல் நின்ற பிறகும் ஒரு தடவை நீட்டினார்.

கை கழுவிவிட்டுப் போகும்போது மேடத்திடம், "அரைதான் ஊத்தறான். ஆனா கேக்கறதுக்கு ஆளு நிக்கறான்" என்றார். எனக்கு வேலை கிடைத்தது. அதன் பிறகும் அவர் வீட்டுக்குப் போனால் பின்பக்கம்தான். அது மாற ரொம்ப நாளானது.

ஓட்டலில் பல வருஷம் தண்ணீர் ஊற்றினேன். வெள்ளைக்காரர்கள் அரை கிளாஸைப் பார்த்து ஒன்றும் நினைத்ததில்லை. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் ஊற்றிவிட்டு அவர்கள் முகத்தைத்தான் பார்ப்பேன்.

மருமகளே, உன் தங்கை மீனம்பாக்கம் பக்கம் ஓட்டலில் சேர்ந்திருக்கிறாள் என்றாயே. அங்கேயும் அரை கிளாஸ்தானாம். அவளிடம் நான் சொன்னதாகச் சொல். அரைதான் ஊற்ற வேண்டும், அது சரி. ஊற்றிவிட்டு ஜக்கோடு உள்ளே போய்விட வேண்டாம். அவர்கள் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்கச் சொல்.