படத்தில் சும்மா இருந்தவள்

காலை 9.10. ராஜபாளையம் புதிய பேருந்து நிலையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி ஏறினேன். பன்னிரண்டு கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய். மடியில் பழைய செப்புத்தகட்டு அச்சுப்படம் ஒன்றின் நகல். வெள்ளைக்காரர் காலத்தில் யாரோ செதுக்கியது. ஒருவர் தறியில் நெய்கிறார், அருகே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நானும் மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சிட்டுப் பிழைப்பவன். இதே காட்சியைச் செதுக்க நினைத்து, நிஜத் தறியைப் பார்க்கப் புறப்பட்டிருந்தேன்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “சாமி படமா சார்?”

“தறிப் படம்.”

“அப்ப மடவார் வளாகத்துல எறங்குங்க. சத்தத்த வச்சே வீட்டக் கண்டுபிடிச்சிரலாம்.”

9.50. சத்தமே இல்லை. ராஜபாளையத்து நூல் வியாபாரி சொல்லி அனுப்பிய மாரியம்மாள் வீட்டில் தறி நின்றிருந்தது. கணவர் ஐப்பசியில் இறந்துவிட்டார். நெசவாளர் அட்டை அவர் பெயரில் இருக்கிறது. அதைத் தன் பெயருக்கு மாற்றினால்தான் கூட்டுறவுச் சங்கத்தில் இனி நூல் கிடைக்கும். விசாரிக்க வரும் அதிகாரிக்காகக் காத்திருந்தாள். வேண்டாத நேரத்தில் வந்துவிட்டோமே என்று எனக்குக் கூச்சம். “செத்த நேரம் இருங்க அண்ணாச்சி” என்று அவளே உட்கார வைத்தாள்.

படத்தைக் காட்டினேன். “அவரு நெய்றாரு, இந்தம்மா சும்மா பக்கத்துல இருக்கு.”

“சும்மாவா? கையப் பாருங்க. ராட்டுல தார்க்குச்சியில நூல் சுத்துறா. அவ அதச் சுத்திக் குடுத்தாத்தான் இவரு தறியில நாடா ஓடும்.”

உற்றுப் பார்த்தேன். ஆணின் முதுகுக்கும் புஜத்துக்கும் நெருக்கி நெருக்கிக் கோடு இழுத்தவர், அவள் கையை மூன்றே கோடுகளில் முடித்திருந்தார். அந்தக் கைக்குள் ராட்டின் பிடி இருந்தது. பத்து வருடமாக இந்தப் படம் என்னிடம் இருக்கிறது. வெட்கமாக இருந்தது.

11.15. அதிகாரி வந்தார். தன்மையாகத்தான் கேட்டார்: “இங்க நெய்றது யாரும்மா?”

எழுந்து நின்ற மாரியம்மாள், “எங்க வீட்டுல அவியதான் சார் நெய்வாக. நான் ஒத்தாசைதான்” என்றாள்.

எத்தனை வருடப் பழக்கமோ, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதிகாரி ‘உதவியாளர்’ என்று எழுதினார். அதைப் பார்த்து அவள் முகம் வெளிறியது. உதவியாளருக்குச் சங்கம் நூல் தராது. வெளியாள் நான் என்ன சொல்ல?

எழப்போனவர் தறியைப் பார்த்தார். பாதி நெய்த சேலை. “வீட்டுக்காரர் போயி நாலு மாசமாச்சே. இத நெய்தது யாரு?”

அவளும் அந்தச் சேலையை ஒருமுறை பார்த்தாள். “நாந்தான் சார்.”

“உக்காந்து காட்டுங்க.”

தறிக்குழிக்குள் காலை இறக்கினாள். நூலை இழுத்துக்கொண்டு நாடா இடமும் வலமும் ஓடியது. சிறிது நேரம் நின்று பார்த்தவர், எழுதியதை அடித்து மேலே ‘நெசவாளர்’ என்று எழுதினார். “அனுப்பி வைக்கிறேன். முடிவு மேலிடத்துலதான்” என்று சொல்லிப் போனார்.

நான் கிளம்பும்போது மாரியம்மாள் சொன்னாள்: “செதுக்கையில அந்த அக்கா கைய நல்லாப் போடுங்க அண்ணாச்சி.”

மதியம் 1.30. ஊர் திரும்ப மதுரை வண்டியில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வீட்டில் கட்டைக்கு மை தேய்ப்பதும், தாளை விரித்து அச்செடுப்பதும் என் மனைவி. கேட்பவர்களிடம், “வீட்ல ஒத்தாசை பண்ணுவாங்க” என்பேன். படத்தின் அடியில் பென்சிலால் என் பெயரை மட்டும் எழுதுவேன். இனி இரண்டு பெயரையும் எழுதிவிடலாம். விற்றுப்போன படங்கள் யார் யார் வீட்டுச் சுவரிலோ தொங்குகின்றன. அவற்றில் அவள் பெயர் இல்லை.