இளஞ்சிவப்பு நகல்

இன்று ஹப்சிகுடா மருந்துக்கடையில் ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க எங்க ஃபாக்டரி சைக்காலஜிஸ்ட் மேடம்தானே?" என்றார்.

1985இல் கிரேன் ஓட்டிய அந்தோணி.

அப்போது நான் எம்.ஏ. முடித்து, மனநல மருத்துவமனையில் இரண்டு வருடம் பயிற்சி பெற்று, பொதுத்துறை ஆலை ஒன்றின் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். "இங்கே பேசுறது இந்த ரூமைத் தாண்டாது" என்று எல்லோரிடமும் சொல்வேன். அந்தோணியிடமும் சொன்னேன்.

நம்பிவிட்டார். மனைவி இறந்ததிலிருந்து, கிரேன் கேபினில் யாரும் பார்க்காமல் உட்கார்ந்து அழுவதாகச் சொன்னார். பயிற்சியில் கற்றுக்கொண்டபடியே ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒன்றுவிடாமல் எழுதினேன்.

அந்தச் சீட்டுக்கு மூன்று நகல். இளஞ்சிவப்பு நகல், ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசுக்குப் போகும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரே வாரத்தில் அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். ரிட்டயராகும்வரை அவருக்கு 'மெண்டல் அந்தோணி' என்றுதான் பெயர்.

இன்று மன்னிப்புக் கேட்டேன்.

"நக்கோ, வேண்டாம் மேடம், பழசெல்லாம் எதுக்கு? என் பேத்தியும் சைக்காலஜிதான் படிக்கிறா. ட்ரெயினிங் முடிச்சு ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் வாங்கினாத்தான் பேஷண்டைப் பார்க்க முடியுமாம்."

வாழ்த்துச் சொன்னேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். எழுதுற காகிதம் எங்க போகும்னு அந்த ட்ரெயினிங்ல சொல்லித் தர்றாங்களா?" என்றார்.

பிரஷர் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது சைக்காலஜி பாடம் நடத்துபவர்கள் யாராவது கீழே கமெண்டில் அவருக்குப் பதில் போடுங்கள். எனக்கு அந்தப் பாடத்தை அந்தோணிதான் நடத்தினார். ஃபீஸையும் அவரே கட்டினார்.